தலைமாட்டில் ஓர் இடம்

"நெருங்கி நில்லுங்கக்கா. நடுவுல ஒரு ஆளு எடம் ஓட்டையாத் தெரியுது" என்று ஸ்டூடியோ பாக்கியராஜ் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமலே சொன்னார். அவர் அப்படிச் சொல்வது அது முதல் தடவையன்று.

அறிவுச்செல்வி நகரவில்லை. "அந்த எடம் அப்படியே இருக்கட்டும்ண்ணே."

தெருவை அடைத்துப் போட்டிருந்த சாமியானாவின் விளிம்பில், இரண்டு முக்காலிகளின் மேல் சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. முகம் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகத் தலைப்பக்கத்து முக்காலிக்குக் கீழே செங்கல் கொடுத்துச் சற்று உயர்த்தியிருந்தார்கள். உள்ளே அவளுடைய அப்பா அந்தோணிராஜ், வெள்ளைச் சட்டையும் விரல்களில் சுற்றிய ஜெபமாலையுமாக, கழுத்துவரை மல்லிகையில் புதைந்து கிடந்தார். இருபது வருடங்களுக்கு மேலாக நிலக்கோட்டையிலிருந்து பூ வேன் ஓட்டியவர் அவர். அந்த வாசனை தலைவலி கொடுக்கிறதென்று சொல்லி வீட்டுக்குள் ஒரு முழம் பூவைக்கூட அனுமதித்ததில்லை. இன்று அவருடன் வேன் ஓட்டிய பொம்மையன் மூட்டை மூட்டையாக மல்லிகையைக் கொண்டுவந்து கொட்டியபோது, அம்மா செபாஸ்தியம்மாள் அழுகையின் நடுவே தலை நிமிர்ந்து, "எந்திரிச்சு வையப் போறாரு" என்றாள். சுற்றியிருந்த பெண்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெட்டியைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் முன் குடும்பத்தார் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். கல்யாணப் படம் இல்லாத வீடு அந்தத் தெருவில் ஒன்றிரண்டு இருக்கலாம். பெட்டிப் படம் இல்லாத வீடு இல்லை என்றே சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் தலைமாட்டில் நிற்க வேண்டியவன் மகன். அந்தோணிராஜுக்கு ஒரே மகன், சேவியர். அறிவுச்செல்விக்கு ஐந்து வயது இளையவன். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அவனுடைய பாஸ்போர்ட் கம்பெனிக்காரரின் பீரோவில் இருந்தது.

அன்று காலையில் அவன் தொலைபேசியில் அழைத்தபோது அத்தை ரோசலின்தான் பேசினாள். குவைத்துவரை கேட்க வேண்டுமே என்ற கவலையில் அவள் குரல் தெருமுனைவரை கேட்டது.

"ஏலே சேவியரு, ஐஸ் பெட்டியில எம்புட்டு நேரம்டா வச்சிருக்கது? கரண்டு வேற போயிப் போயி வருது."

"வைக்க வேணாம் அத்தே. எடுத்துருங்க. நான் வந்து குழியத்தான் பாக்கணும். அத எப்ப வந்தாலும் பாத்துக்கலாம்." அவனே தொடர்ந்தான். "ஒண்ணே ஒண்ணு. பெட்டிப் போட்டோவுல எனக்கு எடம் விட்டு நிக்கச் சொல்லுங்க. நான் என் போட்டோ எடுத்து அனுப்புறேன். அக்காவுக்குத்தான் கம்ப்யூட்டர்ல சேக்கத் தெரியுமே."

"உங்கக்கா இங்கனதான நிக்கிறா. நீயே சொல்லேன்."

அவன் அத்தையிடமே சொன்னான்.

"அக்கா வச்சா நிக்கிறேன் அத்தே. இல்லாட்டி வேணாம். ஸ்டூடியோவுல எல்லாம் குடுத்துச் செய்ய வேணாம்."

ரோசலின் அவன் சொன்னதை உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறிவுச்செல்வி மேசை அருகே நின்று அப்பாவின் மாத்திரை அட்டைகளை வேளைவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இனி அவற்றை விழுங்குவதற்கு ஆளில்லை என்பது பாதியில் நினைவுக்கு வந்தும் கை தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நின்றது. மிஞ்சிய ரப்பர் பேண்டை வழக்கம்போல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.  அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடம் விட்டு நிப்போம்" என்று மட்டும் அறிவுச்செல்வி சொன்னாள். மற்றதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆகையால் இப்போது தலைமாட்டு ஓரத்தில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்க, அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம், அதற்கடுத்து அறிவுச்செல்வி, பிறகு அத்தையும் மற்றவர்களும் என வரிசை அமைந்திருந்தது. வெற்றிடத்தைக் கண்டால் கூட்டம் சும்மா இருக்குமா? பின்னாலிருந்து யாராவது ஒருவர் அதில் நுழையப் பார்ப்பதும் அவள் திரும்பி மறுப்பதுமாக இருந்தது.

"ரெடி. எல்லாரும் இங்க பாருங்க" என்றார் பாக்கியராஜ்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொம்மையனுக்கு மனம் கேட்கவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். பூச்சாக்கை ஓரமாகப் போட்டுவிட்டு, "தலைமாட்டுல ஆம்பளயாளு இல்லாம அண்ணன எப்படி அனுப்புறது? நான் நிக்கிறேம்மா" என்று அந்த இடத்துக்குள் காலை எடுத்து வைத்தார்.  நல்லெண்ணத்தில் வருகிறவர் என்பதால் வாயால் மறுக்காமல் அறிவுச்செல்வி இடது கையை நீட்டினாள். அவர் உயரத்துக்கு ஏற்றபடி கை சற்று மேலேயே சென்றது. பொம்மையன் புரிந்துகொண்டு பின்வாங்கினார். கை இறங்குவதற்குள் கேமரா சொடுக்கிவிட்டது.

"அக்கா கை குறுக்க வந்துருச்சு. இன்னொண்ணு எடுத்துருவோம்" என்றார் பாக்கியராஜ்.

ஆனால் கோயிலிலிருந்து வந்திருந்த உபதேசியார், சாமியார் வேறொரு பூசைக்கு நிலக்கோட்டை போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். செங்கல் மட்டும் முக்காலியின் அடியில் நின்றது.

கல்லறையில் எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்று பிடி மண் போடும்போது, மகனுக்குரிய பிடியை யார் போடுவது என்ற பேச்சு எழுந்து, அம்மாவே இரண்டு தடவை போட்டாள்.

வீடு திரும்பியதும் எதிர்வீட்டு சர்புன்னிசா தூக்குச்சட்டியில் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்தாள். சாப்பிட மறுத்த செபாஸ்தியம்மாளை மடக்கி உட்கார வைத்து, "இந்தா, தின்னு. உனக்கும் சேத்து நான் திங்க முடியாது, எனக்கே சுகரு" என்று வாயில் ஊட்டினாள். பிறகு மூலையில் துணி மூடியிருந்த கணினியைக் கண்ணால் காட்டி, "தம்பியப் படத்துல சேக்கப் போறியாமே புள்ள? ரோசலின் சொன்னா" என்றாள்.

"பாக்கணுங்க்கா."

"என்னத்தப் பாக்குற? எங்க வீட்டுப் பயலுக்குக் கண்ணத் தொறந்து வச்சவ நீ."

அது தெருவுக்கே தெரிந்த கதை. அந்தக் கணினி சேவியரின் சம்பளத்தில் வாங்கியது. வெப்கேமராவில் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவன் ஆசைப்பட்டான். தொலைபேசி இணைப்பின் வேகத்துக்கு அது சரிப்படவில்லை. அறிவுச்செல்வி அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாத இதழ் ஒன்றுடன் இலவசமாக வந்த குறுந்தகட்டில் படங்களைத் திருத்தும் மென்பொருள் இருந்தது. காசு வேண்டாம், திருட்டு நகலும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தார்கள். திறந்தால் வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு ஓநாயைப் போன்ற ஒரு பிராணி எட்டிப் பார்க்கும். அதை வைத்து அவள் முதலில் அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தில் விழுந்திருந்த பூஞ்சைக் கறைகளை நீக்கினாள். செய்தி பரவியது. தங்கச்சியைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடு என்று ஒருவர் வந்தார். செத்துப்போன மாமனாருக்குச் சட்டை போட்டுவிடு என்று இன்னொருவர் வந்தார். சர்புன்னிசாவின் மகன் மன்சூர் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் கண்ணை மூடியிருந்தான். வேறு வழியில்லாமல், பக்கத்தில் நின்ற பையனின் கண்களை எடுத்து அவனுக்கு வைத்தாள். சர்புன்னிசா அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இப்பத்தான் அவங்க அத்தா சாடை அப்படியே தெரியுது" என்றாள். அறிவுச்செல்வி இன்றுவரை உண்மையைச் சொன்னதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போனபிறகு அவள் வேலையை விட்டாள். சில மாதங்கள் கழித்து, பிசியோதெரபிக்கு அப்பாவைத் தினமும் கூட்டிச் செல்வது பற்றிய பேச்சில், சேவியர் தொலைபேசியில் சாதாரணமாகத்தான் சொன்னான்: "நீ வீட்டுல சும்மாதானக்கா இருக்க."

 அதற்குப் பிறகு அவள் அவனுடன் பேசவில்லை. அவன் வெள்ளிக்கிழமைதோறும் அழைப்பான். அவள் எடுப்பாள், ஒரு வார்த்தையும் பேசாமல் ரிசீவரை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். அவன் அங்கிருந்து வெயில், சாப்பாடு, ரூமில் புதிதாக வந்தவன் என்று சொல்லிக்கொண்டே போவான். அப்பா "ம்" என்பார். சில நேரம் அதுவும் சொல்லமாட்டார். கடைசியில் அவன் "யக்கா, இருக்கியா?" என்று கேட்பான். அவள் ரிசீவரை வைத்துவிடுவாள். இரண்டு வருடங்களாக இதுதான் நடைமுறை. கை வலித்தால் மட்டும் மறுகைக்கு மாற்றிக்கொள்வாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாக்கியராஜ் படங்களைக் குறுந்தகட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "சிரமமா இருந்தா குடுங்கக்கா, நான் நிமிஷத்துல சேத்துத் தாரேன். ஞாயித்துக்கிழம பூசைக்கு ஃப்ரேமும் போட்டுருவோம்" என்றார். அவள் நன்றி சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் சேவியரின் மின்னஞ்சல் வந்தது. இணைப்பு மந்தமாக இருந்ததால் படம் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறங்கியது. முதலில் ஒரு டியூப் லைட். பிறகு கொடியில் தொங்கிய நீலநிறச் சீருடைகள். பிறகு தலைமுடி, காதோரம் நரைத்திருந்தது. அது அவனுடைய ரூம்வாசிகளில் யாரோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நெற்றியும் மூக்கும் வந்தபிறகு அவன்தான் என்று தெரிந்தது.

கேமராவைப் பார்த்து அவன் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை அணிந்து, கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து பக்கத்திலிருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். படம் முழுவதும் இறங்கிய பிறகுதான் அது ஓர் இரும்புக் கட்டில் என்று தெரிந்தது. அதன்மேல் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. விரிப்பின் ஒரு முனையில் தலையணை. கட்டிலுக்கடியில் குக்கரும் அரிசிப் பையும். படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டியிருந்தான்: 'தலகாணி இருக்க பக்கம் அப்பா தலமாடுன்னு நெனச்சு நின்னேன்க்கா. சரியா வரலேன்னா வேற எடுத்து அனுப்புறேன்.'

அம்மா பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எளச்சுட்டானே."

"ம்."

"வேட்டி கட்டியிருக்கலாம். பேன்ட்டப் போட்டுட்டு நிக்கிறான்."

"பெட்டி மறைச்சுக்கிரும்மா. இடுப்புக்கு மேலதான் தெரியும்."

அம்மா தலையாட்டினாள். அங்கிருந்து போகாமல் அறையிலிருந்த அப்பாவின் கட்டில் ஓரத்தில், இத்தனை நாளும் அவர் கால் இருந்த இடத்தில், ஒடுங்கி உட்கார்ந்தாள். செய்வாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். சரியாக வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வீட்டில் அதை மறுத்துப் பேச ஒருவருக்கும் கணினி தெரியாது. சேவியரும் சரிக்கா என்றுதான் சொல்வான். வெற்றிடத்தோடு அந்தப் படம் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் அவன் வராததைச் சொல்வாள். உள்ளது உள்ளபடி இருப்பதில் தவறு என்ன என்றும் அறிவுச்செல்விக்குத் தோன்றியது.

அவள் மென்பொருளைத் திறந்தாள். தூரிகையைக் கவ்விய பிராணி எட்டிப் பார்த்து மறைந்தது.

சேவியரின் உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரையத் தொடங்கினாள். காது மடல், நரைமுடி, கழுத்துப்பட்டி, மடித்துவிட்ட கைமடிப்பு. அவசரப்பட்டால் சுற்றிலும் சுவரின் பச்சை ஒட்டிக்கொண்டு வரும். படத்தைப் பெரிதாக்கி மயிரிழை மயிரிழையாக நகர்ந்தாள். கட்டிலும் தலையணையும் குக்கரும் நீங்கின. டியூப் லைட்டின் நீலம் பாய்ந்திருந்த முகத்துக்குத் திண்டுக்கல் வெயிலின் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். வெட்டி எடுத்தவனைப் பெட்டிப் படத்தின்மேல், கண்ணாடித்தாள் பரப்புவதுபோல், தனி அடுக்காக வைத்தாள். அவன் பந்தலைவிடப் பெரியவனாகத் தெரிந்தான்.

"ஏம்மா, அவன் என்னைய விட எம்புட்டு ஒசரம்?"

"ரெண்டு வெரக்கடை இருப்பான்."

"நாலு வெரக்கடை இருக்கும்மா."

"எங்க இருந்து? திருச்சி ஏர்போர்ட்டுல உன் பக்கத்துலதான நின்னான்?"

"அன்னைக்கு நான் ஒசரச் செருப்புப் போட்டிருந்தேன்."

அம்மா எழுந்து கதவு நிலையருகே போனாள். உள்ளே வரும்போது அவன் தலை எங்கே இடிக்கும் என்று நினைவுபடுத்திக்கொண்டு கையை உயர்த்தினாள். கை நிச்சயமில்லாமல் சற்று ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. "இந்தா, இம்புட்டு." அறிவுச்செல்வி எழுந்துபோய் அந்தக் கைக்குக் கீழே நின்று பார்த்தாள். மூன்று விரற்கடை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த அளவுக்குச் சுருக்கி, வெற்றிடத்தில் நிறுத்தியதும் அவன் பொருந்தினான். குனிந்த முகம், உயர்த்திய தலைமாட்டில் கிடந்த அப்பாவின் முகத்துக்கு நேராக வந்தது. அடுக்குகளின் பட்டியலில் ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சிறு கண் குறி இருக்கும். அதைத் தொட்டால் அந்த அடுக்கு மறையும். மறுபடி தொட்டால் தோன்றும். அவள் தொட்டாள். தம்பி மறைந்து பந்தல் துணி தெரிந்தது. மறுபடி தொட்டாள். நின்றான்.

இப்போது அவளுடைய கைதான் இடித்தது. பொம்மையனைத் தடுக்க நீட்டிய அந்தக் கை முழங்கைவரை தெரிந்து, அதற்கப்பால் சேவியரின் உடலுக்குப் பின்னால் போய் மறைந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெட்டுப்பட்ட கைபோல் தெரியும். அவள் தீர்மானித்தாள்: கையை அழித்துவிட்டுப் பந்தல் துணியால் நிரப்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கருவியையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். எதை அழிக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகக் கண்ணைத் தொட்டுத் தம்பியை மறைத்தாள்.

வெற்றிடத்தில் கை தனியாக நீண்டிருந்தது. விரல்கள் சற்று வளைந்து, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் காற்றில் நின்றன. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு.

வெளியே தெருவில் சிறுமலை வாழைப்பழம் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அம்மா தலையணை உறையைக் கழற்றி மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். 

அறிவுச்செல்வி படத்திலிருந்த தன் கையைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்தாள். கட்டைவிரல், நகம், விரல்களுக்கு இடைப்பட்ட சந்து, ரப்பர் பேண்டின் மெல்லிய மேடு. தம்பியை வெட்டியதைவிட இதற்கு அதிக நேரம் பிடித்தது. வெட்டியதை நகலெடுத்துப் புதிய அடுக்காக்கி, பட்டியலில் சேவியருக்கு மேலே ஏற்றினாள். கண்ணைத் தொட்டாள். அவன் வந்து நின்றான். கை அவன் தோளின்மேல் இருந்தது.

தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை அழைப்பு. பழக்கத்தில் அறிவுச்செல்வி எழுந்து எடுத்தாள். "யக்கா, இருக்கியா?" என்றது குரல், அன்று அதைத்தான் முதலில் கேட்டான். அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள். பிறகு, "அம்மாட்ட குடுக்கேன்" என்று ரிசீவரை நீட்டினாள்.

அம்மா வயரை இழுத்துக்கொண்டு திரையருகே வந்தாள். "ஏலே, வந்து நின்னுட்டடா. எனக்குப் பக்கத்துலதான்... ஆமா, அவதான் வச்சா..." என்று பேசிக்கொண்டே கண்ணாடிக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தவள், ரிசீவரின் வாயைப் பொத்தி மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "தோள்ல சட்டை கசங்கியிருக்கே. அத நீவி விட முடியாதா?"

இஸ்திரி போடாத சட்டை. விரல்கள் பதிந்த இடத்தில் அந்தச் சுருக்கம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது.

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வி படத்தைச் சேமித்தாள்.